வெட்டி ஒட்டுவது ஆய்வாகுமா?



நம் பேராக் மாநிலத்தில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பெயர்ப்பலகைகளைச் சற்று நின்று படித்துப் பாருங்கள். பல பலகைகள் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. அந்தத் தோட்டம் எங்கே? பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதி எழுந்தது. லயம் இல்லை, பெரட்டுக்களம் இல்லை, ஆயாக் கொட்டகை இல்லை. சில பள்ளிகள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கே இடம்பெயர்ந்துவிட்டன. பெயர் மட்டும் கூடவே வந்திருக்கிறது.

அந்தப் பலகையின் கீழே நாள்தோறும் நுழையும் ஐந்தாம் ஆண்டு மாணவனிடம், “தம்பி, உன் பள்ளிக்கு ஏன் இந்தப் பெயர்?” என்று கேளுங்கள். திருதிருவென விழிப்பான். ஆனால், அதே மாணவன் சென்ற மாதந்தான் ‘என் பள்ளியின் வரலாறு’ என்னும் திரட்டேட்டை வண்ண அட்டையும் மினுமினுப்புத் தாளும் சுருள்கம்பிக் கட்டுமாக ஒப்படைத்து முழு மதிப்பெண் பெற்றிருப்பான்!

நம் தொடக்கப்பள்ளிகளில் ஆய்வு என்ற பெயரில் நடப்பது ஆய்வே அன்று என்பதுதான் நான் இன்று எடுத்துக்கொண்ட வழக்கு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நிற்பவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். யாரையும் புண்படுத்துவதற்காக அன்று. இனியும் பேசாதிருந்தால் எதை இழப்போம் என்பது கண்முன் தெரிவதால் சொல்கிறேன்.

திரட்டேடு என்னும் திருவிழா

ஆசிரியர் ஒரு தலைப்பைக் கொடுக்கிறார். மாணவன் அதை வீட்டுக்குச் சுமந்து செல்கிறான். அம்மா இரவு பதினொரு மணிக்கு இணையத்தில் தேடுகிறார். அப்பா மறுநாள் கடையில் வண்ணப் பக்கங்களை அச்செடுத்து வருகிறார். மாணவன் கத்தரித்து ஒட்டுகிறான். ஆசிரியர் அட்டையைப் பார்க்கிறார், பக்கங்களைப் புரட்டுகிறார், ‘மிக நன்று’ என்று எழுதுகிறார். பின்னர் அந்த ஏடு வள நிலையத்தின் மூலையில் அடுக்கப்படுகிறது. ஆண்டிறுதியில் பழைய தாளோடு போகிறது.

இந்தச் சங்கிலியில் மாணவன் செய்த வேலை யாது? கத்தரிக்கோல் பிடித்தது! தேடியவர் தாய், செலவு செய்தவர் தந்தை, எழுதியவர் முகம் தெரியாத யாரோ. அவன் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: பிறர் எழுதியதை அழகாக ஒட்டினால் பாராட்டுக் கிடைக்கும் என்பதே அது.

ஒரு போட்டியில் நடுவராக அமர்ந்திருந்தேன். மூன்று வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்த திரட்டேடுகளில் ஒரே பத்தி அப்படியே இருந்தது. ‘செம்பனை’ என்பது ‘செம்பணை’ என்று மூன்றிலும் ஒன்றுபோலவே பிழையாக அச்சாகியிருந்தது. “இதை எங்கிருந்து எடுத்தாய், அம்மா?” என்று ஒரு சிறுமியைக் கேட்டேன். “இணையத்திலிருந்து, ஐயா” என்றாள். அவளைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. இணையம் என்பது ஒரு பெரிய கடைத்தெரு. அதில் எந்தக் கடை, யார் கடைக்காரர், சரக்கு நல்லதா என்று பார்க்க வேண்டும் என அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இப்பொழுது கத்தரிக்கோலுக்கும் வேலை போய்விட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தலைப்பைச் சொன்னால் அரை நிமிடத்தில் கட்டுரை வந்து விழுகிறது. அதில் உள்ளது உண்மையா என்று மாணவனுக்குத் தெரியாது, பெற்றோரும் பார்ப்பதில்லை, ஆசிரியருக்கோ நேரமில்லை. யாரும் எழுதாத ஒன்றை யாரும் படிக்காமலேயே மதிப்பெண் இடுகிறோம். இதற்குக் கல்வி என்று பெயரா?

பத்து வயதில் ஆய்வு என்றால் என்ன?

‘ஆய்வு’ என்றதும் பல்கலைக்கழகம், முனைவர் பட்டம், தடித்த நூல் என்று பலர் மிரள்கின்றனர். மிரள வேண்டியதில்லை. தொடக்கப்பள்ளி மாணவனுக்கு வேண்டியவை ஐந்தே திறன்கள்.

1. விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டல்.
2. விடை கிடைக்கக்கூடிய இடங்களைத் தேடல்.
3. ஒரு சான்றை மற்றொரு சான்றோடு ஒப்பிடல்.
4. எதை, யாரிடமிருந்து, எப்போது பெற்றோம் என்று குறித்தல்.
5. அறிந்ததைச் சொந்தச் சொல்லில் கூறல்.

இவற்றுள் எதற்குக் கணினி வேண்டும்? எதற்கு வண்ண அச்சு வேண்டும்? ஒரு பென்சிலும் ஒரு பயிற்சிப் புத்தகமும் போதும்.

இவை நமக்குப் புதியவையும் அல்ல. அறிவியல் பாடத்தில் உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல், முன் அனுமானித்தல், தொடர்பு கொள்ளுதல் என்று செயற்பாங்குத் திறன்களை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். ஆனால், அவற்றைக் கேள்வித்தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பும் சொற்களாக மாற்றிவிட்டோம். ‘உற்றறிதல்’ என்று எழுதத் தெரிந்த மாணவனுக்குப் பள்ளி வேலியோரம் நிற்கும் மரத்தை உற்றுப் பார்க்கத் தெரியவில்லை. வரலாற்றுப் பாடமும் அப்படித்தான். 2014இல் அது நான்காம் ஆண்டில் தனிப் பாடமாக வந்தபோது, முதலில் வைக்கப்பட்டவை தன்னையும் குடும்பத்தையும் பள்ளியையும் வாழும் இடத்தையும் அறியும் பகுதிகளே. கலைத்திட்டம் கதவைத் திறந்துதான் வைத்தது. நாம்தாம் அதையும் மனப்பாடப் பகுதியாக்கி மூடினோம்.

கெல்லி மாளிகையில் யாரைத் தேடுகிறோம்?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஈப்போவைச் சுற்றியுள்ள பள்ளிகள் கல்விச் சுற்றுலா என்றால் பத்து காஜா அருகிலுள்ள கெல்லி மாளிகைக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது வழக்கம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி 1915 வாக்கில் அதனைக் கட்டத் தொடங்கினார். 1926இல் அவர் போர்த்துகலின் லிஸ்பனில் இறந்தார்; மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. கட்டுமானத்துக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். இசுப்பானியக் காய்ச்சல் பரவிய காலத்தில் அவர்களுள் பலர் மாண்டனர். தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அருகில் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. அக்கோயிலில் வெள்ளைக்காரர் உருவம் ஒன்று உண்டு. அது கெல்லி ஸ்மித்தினுடையது என்பர்.

சுற்றுலா முடிந்து வந்த மாணவர்களின் திரட்டேட்டில் என்ன இருக்கும்? மாளிகையின் படம், மின்தூக்கிக்காக விடப்பட்ட இடம், பேய்க்கதை ஒன்று, ஆசிரியரோடு எடுத்த குழுப்படம். அந்தச் செங்கல்லைச் சுமந்தவர்கள் யார் என்ற கேள்வி எங்கே? நம்மவர்கள் கட்டிய சுவரின்முன் நின்று, கட்டச் சொன்னவரின் பெயரை மட்டும் எழுதி வருகிறோமே, இது தகுமா?

இதே பயணத்தை ஆய்வாக்குவது மிக எளிது. மாணவர் கையில் நான்கு கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுங்கள். ‘கண்டது’, ‘கேட்டது’, ‘படித்தது’, ‘இன்னும் தெரியாதது’ என்று தலைப்பிடுங்கள். சுவரின் செங்கல்லும் கோயிலில் உள்ள உருவமும் ‘கண்டது’. அது இன்னாருடைய உருவம் என்று அங்குள்ளோர் சொல்வது ‘கேட்டது’. அறிவிப்புப் பலகையில் உள்ள ஆண்டு ‘படித்தது’. மாண்ட தொழிலாளர்களின் பெயர்கள் ‘இன்னும் தெரியாதது’. இந்த நான்கையும் கலக்காமல் எழுதத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளை, கைத்தொலைபேசியில் வரும் ஒவ்வொரு செய்தியையும் உண்மையென நம்பிப் பத்துப் பேருக்கு அனுப்பும் பெரியவராக வளராது.

‘கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் பாட்டிமார் வாக்கு. யார் சொன்னாலும் அதன் உண்மையைத் தேடிக் காண்பதே அறிவு என்று வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில் சொன்னார். குறளை ஒப்புவிக்கப் போட்டி வைக்கிறோம். குறள் சொன்னதைச் செய்யத்தான் பாடவேளை ஒதுக்க மறுக்கிறோம்.

சொல்லப்படும் சாக்குகள்

இதைப் பேசத் தொடங்கினால் ஆசிரியர் அறையில் நான்கு மறுப்புகள் எழும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் முடியாது.”

முடியும் என்பதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிளாக்காட்டன் என்னும் சிற்றூர்த் தொடக்கப்பள்ளியைச் சேர்ந்த, எட்டு முதல் பத்து வயதுவரையுள்ள 25 மாணவர்கள் வண்டுத்தேனீக்களை ஆராய்ந்தனர். எந்த நிறப்பூவில் தேன் உண்டு என்பதைப் பூக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கைக் கொண்டு அவை அறியுமா என்பது அவர்களின் கேள்வி. 2010இல் அவர்களின் கட்டுரை, வண்ணப் பென்சிலால் வரைந்த படங்களோடு, அரச கழகத்தின் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. அறிவியலாளர் ஒருவரும் ஆசிரியரும் வழிகாட்டினர்; கேள்வியும் உழைப்பும் பிள்ளைகளுடையவை.

அது வெள்ளைக்காரப் பள்ளி என்பீர்களா? இந்தியாவுக்கு வாருங்கள். 1993 முதல் அங்கே தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடைபெறுகிறது. 10 முதல் 17 வயதுவரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து, ஊருக்குள் நடந்து, அளந்து, கேட்டு, தம் தாய்மொழியிலேயே அறிக்கை எழுதுகின்றனர். தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் முயற்சியால் சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் இதில் பங்கேற்றுள்ளனர். ஊர்க் குளத்து நீரைப் பற்றித் தமிழில் ஆய்வு எழுத அங்குள்ள பிள்ளைக்கு முடிந்தால், கிந்தா ஆற்றைப் பற்றி எழுத நம் பிள்ளைக்கு முடியாதா?

“தேர்வு நெருக்குகிறது, நேரமில்லை.”

நீண்ட காலம் நாம் சொல்லிவந்த சாக்கு இது. 1988 முதல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது, 2019இல் கடைசியாக நடந்தது, 2021இல் அரசு அதனை அகற்றியது. இன்று வகுப்பறை மதிப்பீடு நம் கையில் இருக்கிறது. எதை மதிப்பிடுவது, எப்படி மதிப்பிடுவது என்பதில் ஆசிரியருக்கு முன்னெப்போதும் இல்லாத இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தையும் பயிற்றிகளால் நிரப்பிவிட்டு நேரமில்லை என்பது முறையா? திரட்டேடு அலங்கரிக்கச் செலவாகும் நேரம் மட்டும் எங்கிருந்து வந்தது?

“தமிழில் நூல்கள் இல்லை.”

வேண்டிய அளவுக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால், நூல் இல்லாத இடத்தில்தான் ஆய்வுக்கே வேலை! நூலில் எல்லாம் இருந்தால் படித்தால் போதுமே? நம்மைச் சுற்றிச் சான்றுகள் கொட்டிக் கிடக்கின்றன. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. 1876இல் விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள், இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக வந்து சேர்ந்த வரலாறு அந்த ஒரு மரத்தில் இருக்கிறது. நம் முன்னோர் கப்பலேறி வந்ததற்கே காரணமான பயிர் அது. தைப்பிங்கில் 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம், நாட்டிலேயே பழைமையானது, இன்றும் இருக்கிறது. ஈப்போவில் துன் ரசாக் நூலகம் இருக்கிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மலாயாவின் பழைய நாளேடுகளை மின்வடிவில் இணையத்தில் வைத்திருக்கிறது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை இட்டு ஆசிரியர் தேடினால் ஒரு செய்தித் துணுக்காவது அகப்படக்கூடும்.

“பெற்றோர் படித்தவர்கள் அல்லர், உதவ முடியாது.”

பெற்றோரும் தாத்தா பாட்டியும் உதவியாளர்களாக இருக்க வேண்டியதில்லை, அவர்களே சான்றுகள்! பால் வெட்டிய பாட்டியிடம் ஒரு பேரப்பிள்ளை கேட்கட்டும்: “பாட்டி, விடியற்காலை எத்தனை மணிக்குப் பெரட்டுக்குப் போவீங்க? ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டுவீங்க? மழை பெய்தால் சம்பளம் உண்டா? பிள்ளையை யார் பார்த்துக்கொண்டது? நம்மாட்கள் அந்தத் தோட்டத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்?” கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். பலகையில் ஆங்கிலப் பெயர் இருக்க, தொழிலாளர் நாவில் வேறொரு தமிழ்ப்பெயர் வழங்கிய தோட்டங்கள் உண்டு. அப்பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை.

வீட்டுப் பெட்டியைத் திறந்தால் இன்னும் கிடைக்கும். பழைய சம்பளச் சீட்டு, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம், பிறப்புப் பத்திரம், மஞ்சளேறிய திருமணப் படம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார் என்று பாடநூலில் படிப்பதற்கும், தன் தாத்தாவின் பெயர் எழுதிய பத்திரத்தைக் கையில் பிடித்துப் படிப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! இரண்டையும் ஒப்பிடும் பிள்ளைக்கு வரலாறு என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதே இல்லை.

எதை இழக்கிறோம்?

தோட்டங்களின் வரலாற்றை யார் எழுதினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கம்பெனிகள் ஆண்டறிக்கை எழுதின. துரைமார்கள் நினைவுக்குறிப்புகள் எழுதினர். அரசு தொழிலாளர் துறை அறிக்கைகளை எழுதியது. வெட்டியவர்கள் எழுதவில்லை, எழுத அவர்களுக்கு வாய்ப்பு இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. ஆயினும் பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகையாகவும், கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் சொல்லிக் கொடுக்கும் இடமாகவுமே இருந்தது. அப்பள்ளிகளின் வழிவந்தவைதாம் நாம் இன்று பணியாற்றும் பள்ளிகள் பல.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளேடு 2019 ஜனவரியோடு நின்றுபோனது. தோட்டத்துச் செய்திகளைத் தாங்கி வந்த ஏடு அது. பால்வெட்டுக் கத்தி பிடித்த கைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. இன்று எழுபது, எண்பது வயதில் இருப்போர்தாம் ரப்பர்க் காலத்தை முழுமையாகக் கண்ட கடைசித் தலைமுறை. இவர்களோடு ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் நம் மாணவர்கள். பல்கலைக்கழக ஆய்வாளர் வந்து கதவைத் தட்டும் வரையில் அந்தப் பாட்டி காத்திருப்பாரா? கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு பேத்தி போதும்; அந்த வீட்டின் வரலாறு பிழைக்கும். கேட்கத் தெரியாத பேத்தியோ, பக்கத்து அறையில் பாட்டி இருக்க, ‘ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை’ என்று இணையத்தில் தேடிக்கொண்டிருப்பாள். இந்தக் கொடுமையை நாமே பயிற்றுவிக்கிறோம்.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது எனக்கு உடன்பாடன்று. என் முன்மொழிவுகள் இவை.

1. முதல் இரண்டு ஆண்டுகளில் கேள்வி கேட்கப் பழக்குவோம். வாரம் ஒருமுறை, ஒரு பொருளைக் காட்டி, அதைப் பற்றி ஐந்து கேள்விகளை மாணவர்களே கேட்கட்டும். விடையை நாம் சொல்லாதிருப்போம்.

2. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் நான்கு கட்டத் தாளைப் பழக்குவோம். பள்ளிப் பெயரையே முதல் ஆய்வுத் தலைப்பாக வைப்போம்.

3. ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் ஒரு தலைப்புக்கு மூன்று சான்றுகள் என்பதை விதியாக்குவோம்: ஒரு மனிதர், ஒரு நூல் அல்லது நாளேடு, ஒரு பொருள் அல்லது இடம். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மகிழ்வோம்; அங்கேதான் மாணவன் சிந்திக்கத் தொடங்குகிறான்.

4. மதிப்பெண்ணை மாற்றுவோம். கேள்விக்கு 20, மூன்று சான்றுகளுக்கு 30, சான்று குறித்தலுக்கு 20, சொந்தச் சொல்லுக்கு 20, ‘இன்னும் தெரியாதது’ என்று நேர்மையாக எழுதியதற்கு 10. அலங்காரத்துக்குச் சுழியம்!

5. திரட்டேட்டை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கேள்வி மட்டும் வீட்டுக்குப் போகட்டும். எழுதுவது வகுப்பில் நடக்கட்டும். அச்சுக்கடைக்கும் செயலிக்கும் அதன்பின் வேலை இராது.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரே வேண்டுகோள். பிள்ளையின் இடுபணியை நீங்கள் செய்யாதீர்கள். நான்கு வரி கோணல்மாணலாக எழுதினாலும் அது அவன் எழுதியதாக இருக்கட்டும். “அப்பாவுக்குத் தெரியாது, வா, தாத்தாவைக் கேட்போம்” என்று சொல்லிப் பாருங்கள். ‘தெரியாது’ என்பது இழுக்கன்று. தேடலின் முதற்படி அதுதான்.

ஆசிரியர்களே, கல்லூரியில் நாம் செயலாய்வு எழுதித்தானே சான்றிதழ் பெற்றோம்? சிக்கலைக் கண்டறிந்து, தரவு திரட்டி, மூலத்தைக் குறித்து எழுதும் முறை நமக்குத் தெரியும். நமக்குத் தெரிந்ததை நம் மாணவனுக்கு மறைப்பது அறமா?

1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி இந்த மண்ணில் இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அடுத்த தலைமுறைக்கு நாம் தரவேண்டியது ஒட்டிய பக்கங்களை அல்ல. கேட்கும் நாவையும் ஒப்பிடும் அறிவையும். வரும் திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையில் உங்கள் பள்ளியின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.